மூன்று கதைமேசைகள்



சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டாலிகஞ்சில் உள்ள என் வீட்டு மேசையைச் சுற்றி ஆறு சிறுவர் சிறுமியர் அமர்ந்திருந்தனர். நான் அவர்களை நோக்கி, "நீங்கள் தேடிவந்த ஓடக்காரர் வெள்ளத்தில் மாண்டுவிட்டார்" என்றேன். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "அத்தை, எங்கள் கதையில் அவர் சாகவில்லையே! போன வாரந்தானே எங்களுக்கு மோர் கொடுத்தார்?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதே சரி. ஓடக்காரர் மாண்டது முந்திய நாள் மாலையில். அதே மேசையில், பெரியவர்கள் ஆடிய வேறொரு கதையில். உழைப்பு மிச்சமாகட்டும் என்று இரண்டு குழுக்களுக்கும் ஒரே ஊரையும் ஒரே மாந்தரையும் வைத்திருந்தேன். இரண்டு கதைகளும் என் நினைவில் கலந்துவிட்டன. "தவறு என்னுடையது, ஓடக்காரர் உயிரோடு இருக்கிறார்" என்று ஒப்புக்கொண்டேன். ஆறு முகங்களும் மலர்ந்தன. அந்த மலர்ச்சியைக் கண்டபோது, இவ்விளையாட்டை நான் எத்துணை இலேசாக எண்ணிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

அலுவலுக்கிடையே ஒருவரே பல குழுக்களுக்குக் கதையாட்டம் நடத்தும்போது நேரும் இடர்கள் யாவை, அவற்றிலிருந்து நான் கற்றவை யாவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், கதையாட்டம் என்பது யாது? நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்கின்றனர். ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவச்சி, ஒருவர் வழிகாட்டி. இவர்களைத் தவிர நடத்துநர் ஒருவர் உண்டு. ஆங்கிலம் அறிந்தோர் அவரைக் கேம் மாஸ்டர் என்பர். "பாலம் இடிந்து கிடக்கிறது, அக்கரையில் ஒரு விளக்கு அசைகிறது, என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்கிறார். ஆட்டக்காரர் தத்தம் மாந்தர் செய்வதைச் சொல்கின்றனர். எளிய செயலாயின் நடந்துவிடுகிறது. நடக்குமோ நடவாதோ என்ற ஐயம் எழுமாயின் பகடையை உருட்டுகின்றனர். விழும் எண்ணுக்கேற்பக் கதை திரும்புகிறது. இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. கதை வாரந்தோறும் தொடர்கிறது; சில கதைகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு.

தாயம் ஆடிப் பழகிய நமக்குப் பகடை புதிதன்று. கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு வேடமும் புதிதன்று. இவ்விரண்டும் எழுதப்படாத ஒரு கதையில் வந்து சேர்வதே புதிது.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1824 இல் பிரஷ்ய நாட்டுப் படை அலுவலர் ரைஸ்விட்ஸ் என்பவர் போர்ப் பயிற்சிக்கென ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். இருதரப்பினரும் தம் கட்டளைகளை எழுதித் தருவர். நடுவர் ஒருவர் அவற்றைப் படித்து, விதிப்படி பகடை உருட்டி, நிலப்படத்தில் படைகளை நகர்த்துவார். எதிரியின் நிலையில் எவ்வளவு கண்ணுக்குத் தெரியுமோ அவ்வளவையே அவர் ஒவ்வொரு தரப்புக்கும் காட்டுவார். இந்த நடுவரே இன்றைய நடத்துநருக்கு முன்னோர். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1969 இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு கற்பனை நகரை அமைத்து, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மனிதரின் பொறுப்பை அளித்தார். அவருடைய நண்பர் டேவ் ஆர்னசன் அதை மாயமும் கோட்டைகளும் நிறைந்த உலகமாக விரித்தார். ஆர்னசனும் விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974 இல் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதற்பதிப்பு 1,000 படிகளே. அச்சிறு பெட்டியிலிருந்து கிளைத்த ஆட்டம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

நம் நகரத்துக்கும் அதில் பங்கு உண்டு. கொல்கத்தாவில் பிறந்த எழுத்தாளர் மிமி மண்டல், 2022 இல் வெளிவந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' என்ற தொகுப்புக்கு ஒரு கதையாட்டம் எழுதினார். வங்காள மரபைத் தழுவிய ஒரு கற்பனை நாட்டில், ஆறும் வெள்ளமும் சூழ நடக்கும் கதை அது. என் வங்காளி நண்பர்கள் அதை ஆடியபோது, தம் பாட்டிமார் சொன்ன கதைகளை இருபது முகப் பகடையோடு மீண்டும் கேட்பது போல இருக்கிறது என்றனர்.

இனி என் மேசைகளுக்கு வருகிறேன். வெள்ளிதோறும் மாலையில் அலுவலக நண்பர் ஐவர் வருவர். அவர்களுக்கு நான் 'திதி'. இரண்டு வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பெரியவர் ஐவர் வருவர். ஞாயிறு பிற்பகலில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் 'அத்தை'. ஒவ்வோர் ஆட்டமும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாட்களின் கதைகளும் இந்த டாலிகஞ்சிலேயே நிகழ்வன. 1770களில் ஆதிகங்கையின் பழைய தடத்தைத் தூர்வாரிக் கால்வாயாக்கிய வில்லியம் டாலி என்பவரின் பெயரையே இவ்விடம் தாங்கியிருக்கிறது. நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 1806 ஜூலை 10 ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பின்னர்க் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர். அவர்கள் குடியமர்ந்தது டாலிகஞ்சுப் பகுதியில். தர்மதலாவில் 1842 இல் பள்ளிவாசல் எழுப்பிய இளவரசர் குலாம் முகம்மது திப்புவின் புதல்வரே. இவ்வளவும் வரலாறு. அவர்களோடு வேலூரிலிருந்து ஒரு தமிழ்ப் பணியாளர் குடும்பமும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது என் கற்பனை. அக்குடும்பத்தின் கதையையே பெரியவர்கள் ஒரு விதமாகவும் பிள்ளைகள் வேறு விதமாகவும் ஆடிவந்தனர். கால்வாயில் ஓடம் ஓட்டும் முதியவர் இரண்டு கதைகளிலும் வருவார்.

ஓடக்காரரைக் கொன்றுவிட்ட அந்த ஞாயிறன்று நான் முதற்பாடம் கற்றேன். நினைவை நம்பலாகாது. மறுநாளே கடையிலிருந்து மூன்று நோட்டுப் புத்தகங்கள் வாங்கினேன். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று அட்டைகள். ஆட்டம் முடிந்ததும், தேநீர்க் குவளைகளைக் கழுவுவதற்கு முன்னரே, நான்கு செய்திகளை எழுதிவிடுவேன். ஒவ்வொரு மாந்தரும் எங்கே நிற்கிறார்? யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தனர்? எந்தக் கேள்வி விடையின்றி நிற்கிறது? இன்று அதிகம் வாய்திறவாதவர் யார்? இவற்றுள் நான்காவதே முதன்மையானது. வாய்திறவாமல் இருந்தவருக்கு அடுத்த ஆட்டத்தின் முதற்கேள்வி உரியது. பத்து நிமிட வேலைதான். ஆனால் மறுநாள் காலையில் எழுதலாம் என்று விட்டால், பாதி மறந்துபோயிருக்கும்.

இரண்டாவது பாடம் ஆயத்தம் பற்றியது. தொடக்கத்தில் மூன்று மணி ஆட்டத்துக்கு நான் ஐந்து மணி நேரம் ஆயத்தம் செய்வேன். கோட்டையின் ஒவ்வோர் அறையையும் வரைவேன், பேச்சுக்களைக்கூட எழுதிவைப்பேன். ஆட்டக்காரரோ கோட்டைக்குள் நுழையாமல், வாயிலில் சுண்டல் விற்கும் கிழவியோடு பேசத் தொடங்கிவிடுவர். நான் எழுதியது அவ்வளவும் வீண். அன்றியும், வருந்தி எழுதிய முடிவை நோக்கி அவர்களை இழுத்துச்செல்லும் ஆசை எனக்கு எழும். அதை அவர்கள் உடனே உணர்ந்துகொள்வர், முகம் வாடிவிடும்.

ரைஸ்விட்ஸின் ஆட்டத்துக்கும் இவ்வகை இடர் நேர்ந்தது. காலப்போக்கில் விதிகளும் கணக்குகளும் பெருகி, நடுவர் பணி பெருஞ்சுமையாயிற்று. 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அந்தப் பட்டியல்களை ஒதுக்கி, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றொரு முறையை வகுத்தார். நானும் அவ்வழியே சென்றேன். இப்போது ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் மூன்று செய்திகளே எழுதுகிறேன். ஊரில் யாருக்கு எது வேண்டும். அதைத் தடுப்பவர் யார். ஆட்டக்காரர் ஒன்றும் செய்யாதிருந்தால் நாளை என்ன நேரும். முடிவை எழுதுவதே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஆயத்தம் முடிந்துவிடுகிறது. கதையும் முன்னிலும் உயிரோடு நடக்கிறது.

மூன்றாவது பாடம் வருகைக் கணக்கு. ஐவரும் வந்தால்தான் ஆட்டம் என்று முதலில் விதித்திருந்தேன். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீட்டில் விருந்தினர், ஆட்டம் நின்றுவிடும். ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரும் பத்து நாளில் எட்டு நாள் தவறாமல் வருபவர் என்று கொள்வோம். அப்போதும் ஐவரும் ஒருங்கே கூடும் வாய்ப்பு நூற்றுக்கு 33 தான். மூவரேனும் கூடினால் போதும் என்று வைத்துக்கொண்டால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு 94 ஆக உயர்கிறது. ஆகவே மூவர் வந்தால் ஆட்டம் உண்டு என்று அறிவித்தேன். வாராதவரின் கதைமாந்தர் அன்று காய்ச்சலாய்ப் படகில் படுத்திருப்பார். குறித்த நாளில் குறித்த வேளையில் மேசை விரிக்கப்படும் என்ற உறுதி ஒன்றே ஒரு குழுவைக் காக்கும்.

இதை எல்லோருக்கும் எடுத்துச் சொன்ன நானே அதை மீறினேன். அதுதான் நான்காவது பாடம். எனக்கு வருத்தம் தந்த பாடமும் அதுவே.

சனிக்கிழமைக் குழுவில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் இந்நகருக்கு வந்தவர், மனைவியை இழந்தவர், மகன் கடல் கடந்த நாட்டில் வாழ்கிறார். ஆட்ட நாளன்று லேக் மார்க்கெட்டுக்குச் சென்று முறுக்கோ சீடையோ வாங்கிவருவார். தம் தாயார் ஆடிய பித்தளைத் தாயக்கட்டைகளை ஒரு துணிப்பையில் வைத்துக் கொண்டுவருவார். பிளாஸ்டிக் பகடையை அவர் தொடுவதில்லை.

நிதியாண்டு முடியும் பங்குனி மாதத்தில் என் அலுவலகத்தில் மொழிபெயர்க்க வேண்டிய தாள்கள் மலைபோல் குவிந்தன. தொடர்ந்து மூன்று சனிக்கிழமை ஆட்டங்களை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் கைப்பேசிக் குழுவில் ஒருவரிச் செய்தி அனுப்பிவிட்டு வேலையில் ஆழ்ந்தேன். மூன்றாவது சனிக்கிழமை மாலை வாயில்மணி ஒலித்தது. கதவைத் திறந்தால் அப்பெரியவர் நிற்கிறார். ஒரு கையில் சீடைப் பொட்டலம், மறுகையில் துணிப்பை. அவர் கைப்பேசியில் செய்தி பார்க்கும் வழக்கம் இல்லாதவர். முந்திய இரண்டு முறையும் அண்டை வீட்டு இளைஞர் சொல்லியிருக்கிறார். அம்முறை அந்த இளைஞர் ஊரில் இல்லை.

"இன்று ஆட்டம் இல்லை ஐயா, சொல்லாமற் போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"அதனால் என்னம்மா? நடந்து வந்ததும் உடம்புக்கு நல்லதுதான். இதைப் பிள்ளைகளுக்குக் கொடு" என்று பொட்டலத்தை நீட்டினார். உள்ளே வருமாறு அழைத்தேன். என் மேசைமேல் பரவிக்கிடந்த தாள்களைப் பார்த்தார். "வேலை இருக்கிறது உனக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படி இறங்கினார்.

அன்றிரவு எனக்கு வேலை ஓடவில்லை. நான் மூன்று மேசைகளை நடத்துகிறேன்; ஒன்று நின்றால் எனக்கு இரண்டு மிஞ்சும். அவருக்கு இருந்தது ஒரு மேசைதான். இந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. மூன்றையும் நானே நடத்த வேண்டும் என்பது அன்பா, அன்றித் தலைமை தரும் இனிமையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிடைத்த விடை எனக்குப் பெருமை தருவதாயில்லை.

கைகாக்ஸின் வாழ்க்கையிலும் இத்தகைய கட்டம் ஒன்று வந்தது. அவர் 1972 முதல் தம் இல்லத்தில் நடத்திய கிரேஹாக் என்னும் கதையாட்டத்துக்கு ஆட்டக்காரர் பெருகிக்கொண்டே வந்தனர். ஒருவரால் தாங்க இயலாத நிலை வந்தபோது, ஆட்டக்காரராய் இருந்த ராப் குன்ட்ஸ் என்னும் இளைஞரைத் தம்மோடு இணை நடத்துநராக அமர்த்திக்கொண்டார். ஆட்டத்தைப் படைத்தவர்களில் ஒருவரே அதைப் பகிர்ந்துகொள்ளும்போது, டாலிகஞ்சில் இருக்கும் எனக்கு என்ன தடை? திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தக்காரைத் தேர்ந்து வினையை ஒப்படைக்கும் நெறியைக் கூறுவது அது. பள்ளியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கடைப்பிடிக்க மட்டும் இத்தனை ஆண்டுகள் ஆயின.

மறுவாரம் பெரியவரின் இல்லத்துக்குச் சென்று, "ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் மேசையை நீங்கள் நடத்த வேண்டும் ஐயா" என்று கேட்டேன். "இந்த விதியெல்லாம் எனக்கு வருமா?" என்று தயங்கினார். விதிகளைத் தமிழில் தருவதாகச் சொன்னேன். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு ஒன்று, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் எடுத்தாளலாம், மொழிபெயர்க்கலாம் என்ற உரிமத்தோடு 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டிருக்கிறது. அதிலிருந்து வேண்டிய பக்கங்களைத் தமிழாக்கினேன். இடர் வரும்போது தப்புவதற்காக உருட்டும் பகடைக்குக் 'காப்பெறிவு' என்று பெயர் சூட்டிப் பெருமிதம் கொண்டிருந்தேன். பிள்ளைகளோ அதற்குப் 'பிழைத்தேனா?' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது அதுவே நிலைத்துவிட்டது.

பெரியவர் அப்பக்கங்களைப் படித்துவிட்டு, விதிகளை மேலும் எளிதாக்கினார். அவருடைய தாயக்கட்டைகள் இரண்டே போதும் என்றார். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமுகம் என நான்கு பக்கங்கள். இரண்டும் வெறுமுகமாய் விழுந்தால் பன்னிரண்டு. அவர் வகுத்த விதி இதுதான்: எளிய செயலுக்கு மூன்றோ அதற்கு மேலோ விழ வேண்டும், கடிய செயலுக்கு நான்கு, மிகக் கடியதற்கு ஐந்து. நான் கணக்கிட்டுப் பார்த்தேன். பதினாறு வகையாக விழக்கூடிய கட்டைகளில் எளிய செயல் பதினொரு வகையிலும், கடிய செயல் ஏழு வகையிலும், மிகக் கடியது நான்கு வகையிலும் வெற்றி பெறும். ஆட்டம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை.

வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை மேசை அவருடையது. அங்கே ஒரு மரபு முன்னரே உண்டு: ஓடக்காரருக்குத் தமிழ் ஒன்றே தெரியும். பிள்ளைகள் தமக்குள் வங்காளியில் பேசிக்கொள்வர். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை வரும். ஆயினும் கால்வாயைக் கடக்க வேண்டுமானால் ஓடக்காரரிடம் தமிழில்தான் பேசியாக வேண்டும். துடுப்புக்கும் நங்கூரத்துக்கும் சொல் தெரியாமல் ஒரு சிறுவன் தன் தாயிடம் ஓடிப்போய்க் கேட்டுவந்தான். என் குரலில் பேசியபோது அந்த ஓடக்காரர் புத்தகத் தமிழ் பேசுபவராய் இருந்தார். இப்போது காவிரிக்கரைத் தமிழ் பேசுகிறார்; கோபம் வந்தால் பழமொழியும் சொல்கிறார். பிள்ளைகள் அதே பழமொழியை வீட்டில் பெற்றோரிடம் சொல்கிறார்கள் என்று கேள்வி.

முதல் இரண்டு வாரங்கள் அடுக்களையில் நின்றுகொண்டு, "அந்த இடத்தில் இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் பிள்ளைகள் என்னையும் ஆட்டத்துக்கு அழைத்தனர். எனக்கு விளக்குப் பிடிக்கும் பணியாளின் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். சென்ற வாரம் என் விளக்கு ஆற்றில் விழுந்துவிட்டது. பெரியவர் இரக்கமே காட்டவில்லை.

நாகபுரியிலும் பிலாயிலும் தில்லியிலும் கௌகாத்தியிலும் இருந்து இதைக் கேட்கும் தமிழன்பர்களுக்கு ஒரு சொல். இவ்வாட்டத்துக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு மேசை, ஒரு பென்சில், பரணில் கிடக்கும் தாயக்கட்டைகள், நான்கு பேர், இவை போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அதை மீறாதிருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை முதல் ஓய்வு பெற்ற முதியவர் வரை எவரும் நடத்தலாம். மேசைகள் பெருகினால் மகிழ்ச்சியே. அப்போது நடத்துநர்களும் பெருகட்டும். ஒருநாள் ஆட்டம் இல்லையென்றால், கைப்பேசியில் செய்தி பார்க்காதவரின் வீட்டுக்கு நேரில் சென்று சொல்லிவிட்டு வாருங்கள்.